நந்தவனத்தை விட்டுப் போய்த் திரும்பி வந்த ஆழ்வார்

ஓம் சரவணபவ!

சஷ்டி விரதத்தை மூணாம் நாளே விட்டவங்க, 48 நாள் கவசம் படிக்கிறேன்னு ஆரம்பிச்சு பாதியில நிறுத்தினவங்க, இனி எந்த முகத்தோட அவன் முன்னாடி நிக்கிறதுன்னு தயங்குறவங்க... இந்தப் பதிவு உங்களுக்குத்தான். எனக்கும்தான்.

இன்னிக்கு நாம பார்க்கப்போற அடியார் தொண்டரடிப்பொடி ஆழ்வார். முருகன் பக்கத்துல ஆழ்வார் எதுக்குன்னு நினைக்காதீங்க. நம்ம முருகன் மால்மருகன். வயலூர்ல மருமகன், ஸ்ரீரங்கத்துல மாமன், நடுவுல காவிரி. மன்னார்புரத்துல இருக்கிற எனக்கு ரெண்டு கோயிலுமே பக்கம்தான்.

கும்பகோணம் பக்கம் திருமண்டங்குடியில, மார்கழி மாசம் கேட்டை நட்சத்திரத்துல பிறந்தவர். இயற்பெயர் விப்ரநாராயணர். காலம் சுமார் 8, 9ஆம் நூற்றாண்டுன்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. ஸ்ரீரங்கம் வந்து ரங்கநாதரைப் பார்த்தவர், ஊருக்குத் திரும்பவே இல்லை. கல்யாணம் வேண்டாம், சொத்து வேண்டாம், பெருமாளுக்கு ஒரு நந்தவனம் போட்டா போதும்னு அங்கேயே தங்கிட்டார். துளசியும் பூவும் வளர்த்து, தினமும் மாலை கட்டிக் கொடுப்பது மட்டும்தான் அவர் வாழ்க்கை.

கேட்க அழகா இருக்கும். ஆனா காவிரிக்கரைத் தோட்டம்னா வருஷம் முழுக்க வேலை. பங்குனி, சித்திரையில மல்லிகை கொட்டும். ஆனா வெயில்ல துளசி வாடும், காலையிலயும் சாயங்காலமும் தண்ணி சுமக்கணும். ஆடியில ஆத்துல புதுத்தண்ணி வரும். பட்டுப்போன செடியை எடுத்துட்டு புதுசு நடுற நேரம் அது. ஐப்பசி, கார்த்திகையில அடைமழை. வேர்ல தண்ணி நின்னா செடி அழுகிடும், வாய்க்கால் வெட்டி விடணும். மழை ஓய்ஞ்சதும் கவாத்து. இதுக்கு நடுவுல களை, புழு. மல்லிகை, முல்லையை மொட்டாவே பறிக்கணும்கிறதால சூரியன் வர்றதுக்கு முன்னாடியே எழுந்திருக்கணும். இதுல லீவே கிடையாது.

அப்படி இருந்தவர் வாழ்க்கையிலதான் தேவதேவி வந்தாங்க. கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற உத்தமர்கோயில், அதாவது திருக்கரம்பனூர்தான் அவங்க ஊர். சோழ மன்னனோட உறையூர் அரண்மனையில ஆடிட்டு அக்காவோட திரும்பும்போது இந்தத் தோட்டத்துல இளைப்பாறினாங்க. செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தவர் நிமிர்ந்துகூட பார்க்கலை. இவர் மனசை மாத்திக் காட்டுறேன்னு அக்காகிட்ட சவால் விட்டாங்க. நகையெல்லாம் கழட்டி வெச்சிட்டு, தோட்ட வேலைக்கு வந்தவங்களா மாதக்கணக்குல களை எடுத்தாங்க, தண்ணி ஊத்தினாங்க.

ஒரு மழைநாள். நனைஞ்சு நின்ன தேவதேவி மேல இரக்கப்பட்டு, குடிசைக்குள்ள வரச் சொன்னார் விப்ரநாராயணர். அங்கதான் எல்லாம் மாறிச்சு. கொஞ்ச நாள்ல அவர் அந்த அம்மா வீடே கதின்னு ஆயிட்டார். தண்ணி ஊத்த ஆள் இல்லை, மாலை கட்ட ஆள் இல்லை. கையில இருந்ததெல்லாம் கரைஞ்சதும், அந்த வீட்டுலயும் கதவைச் சாத்திட்டாங்க. தோட்டமும் போச்சு, வீடும் இல்லை. அவர் வாசல்லயே கிடந்தார்.

அன்னிக்கு ராத்திரி ரங்கநாதரே ஒரு வேலைக்காரர் வேஷத்துல வந்து, தன் பேரு அழகிய மணவாளன், விப்ரநாராயணர் அனுப்பினார்னு சொல்லி, கோயில் பொன்வட்டிலை தேவதேவி வீட்டுல கொடுத்துட்டுப் போனார்னு குருபரம்பரைக் கதை சொல்லுது. மறுநாள் கோயில்ல வட்டிலைக் காணோம். தேடி, தேவதேவி வீட்டுல கண்டுபிடிச்சாங்க. பூ கட்டிக் கொடுத்த மனுஷர் திருட்டுப் பட்டத்தோட மன்னன் முன்னாடி நின்னார். அப்புறம் பெருமாள் மன்னன் கனவுல வந்து நடந்ததைச் சொல்ல, அவரை விடுவிச்சாங்க.

சரி, விடுதலை ஆயாச்சு. இனி என்ன பண்றது? ஊரே பேசிடுச்சு. எந்த முகத்தோட திரும்பப் போறது? நாம இருந்தா ஊரை விட்டே போயிருப்போம். அவர் அடியார்களோட பாதம் கழுவின தண்ணியைக் குடிச்சு பிராயச்சித்தம் பண்ணினார். தொண்டர்களோட காலடித் தூசி நான்னு தனக்கே பேர் வெச்சுக்கிட்டார். அப்புறம் நேரா அதே நந்தவனத்துக்கு, அதே மாலை கட்டுற வேலைக்குத் திரும்பினார். தேவதேவியும் தன் செல்வத்தை எல்லாம் ரங்கனுக்குக் கொடுத்துட்டு தொண்டுல இறங்கினாங்க.

பின்னாடி திருமங்கையாழ்வார் கோயிலுக்கு மதில் கட்டும்போது, இவர் மாலை கட்டுற இடம் குறுக்கே வந்துச்சாம். அதை இடிக்காம மதிலையே ஒதுக்கிக் கட்டினார். அந்த நன்றிக்கு, தன் தோட்டத்து ஆயுதத்துக்கு திருமங்கையாழ்வாரோட பேரான அருள்மாரிங்கிறதையே வெச்சாராம் நம்ம ஆழ்வார்.

அவர் பாடினது ரெண்டே ரெண்டு: 45 பாட்டுல திருமாலை, 10 பாட்டுல திருப்பள்ளியெழுச்சி. பள்ளியெழுச்சியைப் படிச்சுப் பாருங்க, ஒரு தோட்டக்காரர் எழுதினதுன்னு தெரியும். முல்லையைத் தொட்டு வர்ற கீழைக்காத்து, பாளை வெடிக்கிற கமுகு, விரியிற தாமரைன்னு விடியக்காலையில தோட்டத்துல நிக்கிறவர் கண்ணுக்குப் படறதெல்லாம் அதுல இருக்கு. கடைசிப் பாட்டுல தன்னைப் பத்திச் சொல்லும்போதும் துளசி மாலையும் கூடையும் சுமக்கிற தோளைத்தான் சொல்றார். இன்னிக்கும் கோயில்கள்ல அவர் சிலை பூக்கூடையோடதான் நிக்குது. அவர் விழுந்த கதையை 1954-ல சினிமாவா எடுத்தாங்க. ஆனா அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கிட்டது அந்தக் கூடையை வெச்சுத்தான்.

எனக்கு ஏன் இந்தக் கதைன்னா, எங்க வாடகை வீட்டு மாடியில முருகனுக்குன்னு செவ்வரளியும் முல்லையும் தொட்டியில வெச்சிருந்தேன். போன சித்திரையில ஆபீஸ்ல ரிலீஸ் நெருக்கடி. மூணு வாரம் மாடி ஏறவே இல்லை. போய்ப் பார்த்தா எல்லாம் காய்ஞ்சு கிடந்துச்சு. அந்த வெட்கத்துல விளக்கேத்தறதையும் விட்டுட்டேன். ஆடியில அம்மா ஊர்ல இருந்து வந்தாங்க. திட்டலை. காய்ஞ்ச முல்லையை ஒன்றரை அடி விட்டு வெட்டி, மண்ணைக் கிளறி, தண்ணி ஊத்தினாங்க. வேர் உயிரோடதான் இருக்கு, நீதான் வரலைன்னாங்க. ரெண்டு வாரத்துல துளிர் வந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே விளக்கேத்திட்டேன்.

நீங்களும் ஒரு தொட்டி வைங்க. முருகனுக்கு செவ்வரளி விசேஷம். குச்சியை வெட்டி நட்டாலே வரும், வெயில் மட்டும் நல்லா படணும். ஆனா அரளி முழுக்க விஷம். சின்னப் பிள்ளைங்க, ஆடு மாடு வாயில படாம பார்த்துக்கோங்க. பறிச்சதும் கை கழுவுங்க. மல்லிகை இருந்தா நவம்பர் கடைசியில 50 செ.மீ. உயரத்துக்கு கவாத்து பண்ணி, தொழு உரம் வைங்க. ஆழ்வார் பிறந்த மார்கழியில அந்தச் செடி மொட்டையா நிக்கும். பயந்து பிடுங்கிடாதீங்க. பங்குனி உத்திரத்துக்கு உங்க கையால மாலை கட்டலாம்.

விட்ட விரதத்தையும் அப்படியே பாருங்க. நாளைக்குக் காலையில ஒரு சொம்பு தண்ணியோட ஆரம்பிங்க. மாமனைக் காக்க வெச்சவருக்கே இடம் கிடைச்சது, மருமகன் நம்மளை விட்டுடுவானா?

விரதம் பாதியில நின்னுபோச்சேன்னு வருத்தப்படுற ஒரு நண்பருக்கு இதை அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!