ஃபெர்டினான்ட் ஹெப்ரா: சொரியாசிசைத் தொழுநோயிலிருந்து பிரித்தவர்

தோல் மருத்துவ முன்னோடி ஹெப்ரா 1816ஆம் ஆண்டு, இன்றைய செக் குடியரசின் ப்ர்னோ நகரில் பிறந்தார். ஐரோப்பாவில் சொரியாசிஸ் நெடுங்காலம் தொழுநோயுடன் சேர்த்து எண்ணப்பட்டதால், நோயுற்றோர் பலர் ஒதுக்கப்பட்டனர். வியன்னா பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஹெப்ரா, இரண்டும் வெவ்வேறு நோய்கள் என 1841இல் தெளிவுபடுத்தினார். அவர் பிறந்த நகரிலேயே 1865இல் மெண்டல் மரபு விதிகளை அறிவித்தார். ஹெப்ரா 1880இல் மறைந்தார்.

எச்.எல்.ஏ.-சி மரபணுவின் ஒரு வகை சொரியாசிசுடன் நெருங்கிய தொடர்புடையது என இன்று அறியப்பட்டுள்ளது. அதனைப் பெற்ற அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை. தொண்டைத் தொற்று, மன அழுத்தம் முதலியன நோயைத் தூண்டக்கூடும். சொரியாசிஸ் தொடுவதால் பரவாது. எனவே நோயுற்றவரிடமிருந்து எவரும் விலகியிருக்க வேண்டியதில்லை.