தபால் பை சுமந்த விமானி ஜே.ஆர்.டி. டாடா



நம்ம பக்கம் ‘போட் மெயில்’ பற்றிக் கேள்விப்படாதவங்க இல்லை. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில் வரும். அங்கே ஆட்களையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு கப்பல் தலைமன்னாருக்குப் போகும். 1964 புயலோடு தனுஷ்கோடி வழியான அந்தப் பயணம் நின்றுபோச்சு. அதே மாதிரி, பெரிய விமானம் கொண்டுவந்த தபாலைச் சின்ன விமானத்தில் வாங்கிக்கொண்டு பறந்தவர்தான் ஜே.ஆர்.டி. டாடா.

பிறப்பும் ஆசையும்:
இவர் 1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா பார்சி, அம்மா பிரெஞ்சுக்காரர். ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதலில் கடந்த பிளேரியோவின் வீடு, இவர்கள் விடுமுறைக்குப் போகும் கடற்கரை ஊரில் இருந்தது. அங்கேதான் பறக்கும் ஆசை பிடித்தது. 1929-ல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார்.

தபால் விமானம்:
அப்போது இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பெரிய கம்பெனி லண்டன் தபாலைக் கராச்சிக்குக் கொண்டுவரும். அதை அங்கிருந்து விமானத்திலேயே தெற்கே கொண்டுபோகலாம் என்று நெவில் வின்சென்ட் என்ற விமானி யோசனை சொன்னார். அரசு மானியம் தரவில்லை. டாடா கம்பெனி 2 லட்சம் ரூபாய் போட்டது.

1932 அக்டோபர் 15 அன்று ஒற்றை இஞ்சின் ‘புஸ் மாத்’ விமானத்தைக் கராச்சியிலிருந்து மும்பைக்கு ஜே.ஆர்.டி.யே ஓட்டி வந்தார். வழியில் அகமதாபாத்தில் அதற்குப் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்ததாம்! மும்பையில் தபாலை வாங்கிய வின்சென்ட், பெல்லாரி வழியாகச் சென்னையில் சேர்த்தார். மழைக்காலத்தில் மும்பைத் திடலில் தண்ணீர் நிற்கும். அப்போ புனேயிலிருந்து பறந்தார்கள்.

வளர்ச்சி:
1938-ல் கொழும்பு வரை பறந்தார்கள். 1946-ல் ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. 1948 ஜூன் 8-ல் அவர்கள் விமானமே மும்பையிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. 1953-ல் அரசு அதை எடுத்துக்கொண்டபோது அவருக்கு ரொம்ப வருத்தம். ஆனாலும் 1978 வரை தலைவராக உழைத்தார். பயணிகளுக்குத் தரும் டீயைக்கூட விடாமல் கவனித்துக் குறிப்பு எழுதுவார்.

1992-ல் பாரத ரத்னா பெற்றார். 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். 2022-ல் ஏர் இந்தியா மறுபடியும் டாடா குழுமத்திடமே வந்தது.

என் கருத்து:
எங்க அப்பா அடுத்தவர் விசைப்படகில்தான் கடலுக்குப் போறார். நம்மில் பல பேர் வீட்டிலும் அப்படித்தான். அதை இளக்காரமாகப் பேசுறவங்க உண்டு. அவங்களுக்கு இனிமேல் நான் இந்தக் கதையைச் சொல்வேன். அடுத்தவர் தபாலைச் சுமந்த கம்பெனிதான் பதினாறே வருஷத்தில் சொந்தமாக லண்டன் போச்சு. எந்த வேலையும் சின்ன வேலை கிடையாது தோழிகளே!


– ஒன்பதாம் வகுப்பு மாணவி