நாடிழந்த வைத்தியர் தந்த சத்திரசிகிச்சை

நெஞ்செரிவை நம்மில் பலர் ஒரு நோயாகவே கொள்வதில்லை. விருந்துண்ட இரவில் வந்து மறுநாள் மறைந்துவிடும் தொல்லை என்பதே பொதுவான எண்ணம். ஆனால் இரைப்பையின் அமிலம் நாள்தோறும் மேலெழுந்து களத்தை, அதாவது உணவுக்குழாயைச் சுட்டுக்கொண்டிருக்குமானால் அங்கு புண் தோன்றும். புண் ஆறித் தழும்பாகிக் களம் ஒடுங்கும். ஈற்றில் உணவை விழுங்குவதே பெரும்பாடாகிவிடும். மருந்துகளுக்குக் கட்டுப்படாத நிலையில் இந்நோய்க்கு உலகெங்கும் செய்யப்படும் சத்திரசிகிச்சை ருடோல்ப் நிசென் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதனை அவர் கண்டடைந்த வரலாறு, அவர் நாடு நாடாகப் பெயர நேர்ந்த வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாததாகும்.

1896 ஆம் ஆண்டில், அன்று ஜேர்மனிக்கும் இன்று போலந்துக்கும் உரியதான நைசே நகரில், ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரின் மகனாக நிசென் பிறந்தார். முதலாம் உலகப் போரில் பணியாற்றிய வேளை சுவாசப்பையில் காயமுற்றார். பின்னர் புகழ்பெற்ற சவர்புரூக்கின் கீழ் மியூனிச்சிலும் பேர்லினிலும் பயின்று உயர்ந்த அவர், 1931 இல் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் ஒரு பக்கச் சுவாசப்பையை முழுமையாக அகற்றி, அவளை உயிர்பிழைக்க வைத்தார். அக்காலத்தில் அது பலரும் நினைத்துப் பார்க்கத் துணியாத காரியமாகும்.

இரண்டாண்டுகளில் ஹிட்லரின் ஆட்சி வந்தது. யூத வம்சாவளியினரை அரச பதவிகளிலிருந்து நீக்கும் சட்டம் 1933 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்டது. போர்முனையில் நின்றவர் என்ற வகையில் நிசெனுக்கு விதிவிலக்கு இருந்தது. அந்த விதிவிலக்கின் நிழலில் ஒதுங்கியிருக்க அவர் விரும்பவில்லை. பல்கலைக்கழகத்தைப் புதிதாகக் கட்டியெழுப்பிக் கொண்டிருந்த முஸ்தபா கமால் அதாதுர்க்கின் துருக்கி, ஜேர்மனி துரத்திய அறிஞர்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. நிசென் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சைத் துறையின் பொறுப்பை ஏற்றார்.

அங்கேதான் 1936 இல் அந்தச் சம்பவம் நிகழ்ந்தது. களத்தின் கீழ்முனையில் ஆழமான புண்ணுடன் வந்த ஒரு நோயாளிக்கு, பழுதடைந்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதை இரைப்பையுடன் பொருத்தினார். பொருத்திய இடம் கசிந்துவிடலாகாதே என்ற அச்சத்தில், இரைப்பையின் சுவரையே மடித்து அதனைச் சுற்றிப் போர்த்தித் தைத்தார். அவர் நாடியது தையலுக்கு ஒரு காவல் மட்டுமே. நோயாளியோ நெஞ்செரிவே இல்லாதவராக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். வேறொருவராயின் அதனை நல்லூழ் என்று மறந்திருக்கலாம். நிசென் மறக்கவில்லை. சத்திரசிகிச்சை முடிந்த பின்னரும் நோயாளியைத் தொடர்ந்து கவனிப்பதே ஆய்வாளனின் முதல் தகுதி என்று நாம் கருதுகின்றோம்.

1939 இல் அவர் அமெரிக்கா சென்றார். துறைத்தலைவராக இருந்தவர், பொஸ்டனில் ஆய்வுப் பணியாளராக மறுபடியும் அடிப்படியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பின்னர் நியூயோர்க்கின் புரூக்ளினில் நிலைபெற்றார். 1948 டிசெம்பரில், புடைத்துப் போயிருந்த அல்பேர்ட் ஐன்ஸ்டீனின் வயிற்றுப் பெருநாடியை செலோபேன் தாளால் சுற்றிப் பாதுகாத்தவரும் இவரே. அதன்பின் ஐன்ஸ்டீன் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். களமாயினும் நாடியாயினும், ஒன்றைச் சுற்றிக் காப்பது இவருக்குக் கைவந்த கலை போலும்!

1952 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. ஜேர்மனியின் எல்லையிலேயே அமைந்த அந்நகரில் தமது தாய்மொழியில் மீண்டும் கற்பிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. இரைப்பையை வயிற்றின் முன்சுவருடன் தைத்துப் பார்த்தும் பூரண பலன் காணாத நிலையில், இஸ்தான்புல் நோயாளி அவர் நினைவுக்கு வந்தார். 1955 இல், எதனையும் வெட்டியகற்றாமல், இரைப்பையின் மேற்பகுதியைக் களத்தின் கீழ்முனையைச் சுற்றி ஒரு கழுத்துப்பட்டி போலப் போர்த்தித் தைத்தார். இரைப்பை நிரம்பும்போது அப்பட்டி இறுகி, அமிலத்தை மேலேறவிடாமல் தடுத்தது. மறுவருடம் சுவிஸ் மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான சிறு கட்டுரை இரண்டே நோயாளிகளைப் பற்றியதாகும். அதன் தலைப்பிலேயே அதனை எளிய சத்திரசிகிச்சை என்று அவர் குறித்திருந்தார்.

அது அத்துணை எளியதாக இருக்கவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். பட்டி இறுக்கமாக அமைந்தால் விழுங்குவது கடினமாகும். ஏப்பம் விடவும் இயலாது வயிறு உப்பும். பின்வந்தோர் பட்டியின் நீளத்தைக் குறைத்துத் தளர்த்தினர். பாதியளவு மட்டும் சுற்றும் முறைகளும் தோன்றின. 1991 முதல் இது சிறு துவாரங்களினூடாகவும் செய்யப்படுகின்றது.

1967 இல் ஓய்வு பெற்ற நிசென் 1969 இல் தமது வாழ்க்கை நினைவுகளை நூலாக்கினார். ஒளிமிகுந்த பக்கங்களும் இருண்ட பக்கங்களும் என்று பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டார். 1981 ஜனவரியில், பாசலை அடுத்த றீகனில் அவர் காலமானார்.