பணிவின் வழி நின்ற தத்துவ போதகர்

தாழ்மையும் கீழ்ப்படிதலும் கிறிஸ்து சமயத்தின் இரு கண்கள் எனலாம். இறைமகனே மனிதராய் இறங்கி வந்து பிறர்க்குப் பணி புரிந்தார் என்பது அச்சமயத்தாரின் நம்பிக்கை. வள்ளுவப் பெருந்தகையும் அடக்கமுடைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்துள்ளார். ஆதலின் இக்குணங்கள் எச்சமயத்தார்க்கும் அந்நியமானவை அல்ல. ஆயினும், கீழ்ப்படிதல் என்பது வாய்மூடி இருத்தலா என்னும் ஐயம் நம்மில் பலர்க்கு உண்டு. அவ்வையத்திற்கு விடையாகத் திகழ்வது, தத்துவ போதகர் என்று தமிழகம் அழைத்த இராபர்ட் தெ நொபிலி அடிகளாரின் வாழ்க்கை. அதனை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அடிகளார் 1577-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் உயர்குடியொன்றில் தோன்றியவர். பாப்பரசர் மூன்றாம் ஜூலியஸ் அக்குடும்பத்தினர்க்கு உறவினர்; பேரறிஞர் கர்தினால் பெல்லார்மீனும் உறவினரே. செல்வமும் பதவியும் காத்திருக்க, சுற்றத்தாரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, இயேசு சபையில் சேர்ந்து துறவு பூண்டார். 1605-இல் கோவாவில் வந்திறங்கி, 1606-இல் மதுரை மாநகரை அடைந்தார்.

மதுரையில் அப்போது நாயக்க மன்னர் ஆட்சி. அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் மூத்த குரு பல ஆண்டுகளாகத் தொண்டாற்றி வந்தார். கடற்கரையிலிருந்து வந்து சென்ற பரதவரும் போர்த்துக்கீசியருமே அவரை நாடினர். மதுரை மக்கள் நெருங்கவில்லை. கிறிஸ்து சமயம் பறங்கியர் மார்க்கம் என்றும், அதிற் சேர்வது பறங்கியர் குலத்திற் சேர்வது என்றும் அவர்கள் கருதினர்.

இதனைக் கண்ட நொபிலி அடிகளார், மக்கள் தம்மிடம் வருமுன் தாம் மக்களிடம் செல்லவேண்டும் என்று துணிந்தார். காவியுடை தரித்தார், பாதக்குறடு அணிந்தார், தனிக் குடிலில் தங்கிப் புலால் நீக்கி, நாளொன்றுக்கு ஒருவேளை மட்டும் சோறும் காய்கறியும் உண்டார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் மாணாக்கராய் அமர்ந்து வடமொழியும் பயின்றார். உரோமாபுரிப் பெருங்குடியில் வந்தவர் அயல்நாட்டில் அரிச்சுவடியிலிருந்து தொடங்கியது தாழ்மையின் முதற்படி என்போம்.

சோதனை உடன் பணிபுரிந்தோரிடமிருந்தே வந்தது. குடுமியும் பூணூலும் சந்தனமும் பிற சமயச் சின்னங்கள். அவற்றை ஏற்பது விசுவாசத்திற்கு ஊறு என்று 1610-இல் பெர்னாண்டஸ் மேலிடத்திற்கு முறையிட்டார். செய்தி கோவாவுக்கும் உரோமைக்கும் பரவிற்று. உறவினராகிய பெல்லார்மீனே மனம் வருந்திக் கடிந்து எழுதினார். பின்னர் வந்த மாகாணத் தலைவர், புதியவர்க்கு ஞானஸ்நானம் வழங்குவதற்குத் தடை விதித்தார். தம் உழைப்பின் பயன் கைகூடும் வேளையில் கையைக் கட்டிவிட்டாற் போன்ற நிலை அது.

அலுவலகங்களில் காலங்கழிக்கும் நம்மனோர் இருவகைக் கீழ்ப்படிதலை நன்கு அறிவோம். உத்தரவு வந்ததும் எதிரில் தலையசைத்து, மறைவில் முணுமுணுப்பது ஒன்று. தவறென்று தெரிந்தும் வாய்திறவாது உடன்படுவது மற்றொன்று. அடிகளார் இவ்விரண்டையும் விடுத்து மூன்றாவது வழியைக் கைக்கொண்டார். 1610, 1613, 1619 ஆகிய ஆண்டுகளில் இலத்தீன் மொழியில் விரிவான விளக்கங்கள் வரைந்தார். இச்சின்னங்கள் குலமும் நாகரிகமும் பற்றியவையே, வழிபாடு பற்றியவை அல்ல என்று நூற்சான்றுகளுடன் நிறுவினார். தம் கருத்தில் அணுவும் தளரவில்லை. ஆயினும் சபையை விட்டு நீங்கினாரில்லை, தனிக்கூட்டம் சேர்த்தாரில்லை. உண்மையை உரியவரிடம் உரைத்துவிட்டுத் தீர்ப்பை எதிர்நோக்கி நின்றார்.

1619-இல் கோவாவில் கூடிய ஆலோசனைச் சபையில் பெரும்பாலோர் அவர்க்கு எதிராகவே நின்றனர். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623 ஜனவரி 31-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், சில நிபந்தனைகளுடன் அவ்வழக்கங்களை அனுமதித்து ஆணை பிறப்பித்தார். முறையீடு எழுந்து பதின்மூன்றாம் ஆண்டில் நீதி கிடைத்தது.

அவ்வாணையில் நாம் மறத்தலாகாத பகுதி ஒன்றுண்டு. கல்வியாலும் பிறப்பாலும் உயர்ந்தோம் என்போர், எளிய குலத்தாரை, அதுவும் ஆலயத்தினுள், இகழலாகாது என்று பாப்பரசர் அறிவுறுத்தினார். அடிகளார் பெரிதும் உயர்குலத்தாரோடு பழகியமையும், குலவேற்றுமையை ஒழிக்காமல் விட்டமையும் பிற்காலத்தாரால் குறைகளாகக் கூறப்படுகின்றன. அக்கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. எளியோரிடையே பணியாற்றப் பண்டார சுவாமிகள் என்னும் குருமார் 1640 முதல் புறப்பட்டனர்.

கண்ணொளி மங்கிய முதுமையில், நாற்பது ஆண்டளவு தொண்டாற்றிய மதுரையை விட்டு யாழ்ப்பாணத்திற்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அடிகளார் மாற்றப்பட்டார். அவ்வாணையையும் ஏற்றுச் சென்றார். தாமே எழுத இயலாத நிலையிலும், சொல்லச் சொல்லப் பிறரைக் கொண்டு எழுதுவித்தார். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம் முதலிய அவருடைய நூல்கள் தமிழ் உரைநடையின் தொடக்ககாலச் செல்வங்கள். 1656 ஜனவரி 16-இல் மயிலாப்பூரிலேயே உயிர் நீத்தார்.

பிறந்த மண்ணை விட்டு வந்து, வந்த மண்ணின் மொழியையும் வழக்கத்தையும் தமதாக்கிக்கொண்டவர் அவர். பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறியுள்ள நமக்கு இதுவே முதற்பாடம். மெய்யென்று கண்டதை அஞ்சாது உரைத்தலும், உரைத்தபின் பொறுமையோடு அடங்கி நிற்றலும் ஒருவரிடத்தே பொருந்தும் என்பது இரண்டாவது பாடம். இவ்விரண்டையும் நம் இளைஞர்க்கு எடுத்துரைப்போமாக. வாழ்க அடிகளார் புகழ்!