பரீட்சை எழுதாத ஹோண்டா

பைக் என்றால் உயிரை விடும் நம்மில் எத்தனை பேருக்கு ஹோண்டா என்பது ஒரு மனிதரின் பெயர் என்று தெரியும்?

சோய்ச்சிரோ ஹோண்டா 1906-ல் ஜப்பானில் ஹமமாட்சு நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார். அப்பா கொல்லர், சைக்கிள் ரிப்பேரும் பார்த்தார். 15 வயதில் டோக்கியோ போய் கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தால், முதலில் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது! பிறகுதான் ஸ்பானர் கைக்கு வந்தது.

ஊர் திரும்பி ஒர்க்‌ஷாப் நடத்தியவர், பிஸ்டன் ரிங் வார்க்க ஆசைப்பட்டார். ரிங் உருப்படியாக வரவில்லை. தொழிற்கல்லூரி ஆசிரியர் ஒருவர் சோதித்துவிட்டு, சிலிக்கான் போதவில்லை என்றார். முப்பது வயது தாண்டிய ஹோண்டா அங்கேயே போய்ச் சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். வேண்டியதை மட்டும் படித்தார், பரீட்சை எழுதவில்லை. டிப்ளமோ கிடையாது என்றார்கள். அவர் கவலைப்படவே இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அந்தச் சர்டிஃபிகேட்டுக்காக அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருக்கிறது. வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் வார்ப்பிரும்பில் சிலிக்கான் எதற்கு என்று கேட்டிருந்தால், நோட்ஸை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிய நான் முழித்திருப்பேன். அப்புறம்தான் புத்தகத்தைப் புரட்டினேன். சிலிக்கான் குறைந்தால் கார்பன் கிராஃபைட்டாகப் பிரியாது. வார்ப்பு வெள்ளை இரும்பாகி நொறுங்கிவிடும்.

போர் முடிந்து 1946-ல், ராணுவ ரேடியோவுக்கான ஜெனரேட்டர் இன்ஜின்களைச் சைக்கிளில் மாட்டி விற்றார். 1948-ல் கம்பெனி. 1961-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் 125, 250 சி.சி. இரண்டிலும் முதல் ஐந்து இடங்கள்!

அந்த ரேஸ் அனுபவம் ரோட்டுக்கு வந்ததுதான் 1969-ன் சிபி 750. ஹராடா என்ற பொறியாளரின் குழு வடிவமைத்தது. 736 சி.சி., வரிசையாக நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர், 67 குதிரைத்திறன். இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். அதனால் அன்றைய இங்கிலாந்து இரட்டைச் சிலிண்டர் பைக்குகள் மாதிரி கையை உதறவில்லை. அவற்றில் கிராங்க் கேஸ் செங்குத்தாகப் பிரியும், ஆயில் கசியும். இதில் படுக்கை வாட்டில் பிரித்தார்கள். முன்னால் டிஸ்க் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட் வேறு! நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நாலு சைலன்சரையும் எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஹோண்டா 1973-ல் ஓய்வு பெற்றார். 1991 ஆகஸ்ட் 5-ல், 84 வயதில் காலமானார். அந்த டிப்ளமோவைக் கடைசிவரை வாங்கவில்லை.