கூறு கட்டி விற்கப்பட்ட பொற்காசுகள்
(மன்னர் பாரூக்கின் வாழ்வும் அவர் சேர்த்த செல்வமும்)

சந்தையிலே காய்கறியைக் கூறு கட்டி விற்பதுண்டு. நல்லதும் சொத்தையும் கலந்து ஒரே விலை. விற்பவனுக்கு நேரம் மிச்சம். பார்த்துப் பொறுக்கத் தெரிந்தவனுக்கு இலாபம். காய்கறியை அப்படி விற்கலாம். வரலாறு பொறித்த பொற்காசுகளை அப்படி விற்கலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், எகிப்தை ஆண்ட மன்னர் பாரூக்கின் வாழ்க்கையில் போய் நிற்போம்.

இளமையும் அரியணையும்

பாரூக் 1920ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் கெய்ரோ நகரில் பிறந்தார். தந்தை மன்னர் முதலாம் புவாத். முகம்மது அலி பாஷா தோற்றுவித்த அரச வம்சத்தின் வாரிசாக, செல்லமாக வளர்ந்தார். படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஆனால் 1936இல் தந்தை மறையவே, பதினாறு வயதுப் பாலகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மன்னனாக நாடு திரும்பினார். அழகும் இளமையும் கொண்ட அவரை மக்கள் அன்போடு வரவேற்றனர்.

அந்த அன்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1942 பிப்ரவரியில் ஆங்கிலேயர் அரண்மனையை டாங்கிகளால் சூழ்ந்துகொண்டு, தாங்கள் விரும்பியவரைப் பிரதமராக்கும்படி அவரைப் பணிய வைத்தனர். முடி இருந்தது, அதிகாரம் இல்லை. 1948ஆம் ஆண்டுப் போரில் ஏற்பட்ட தோல்வி, படையினரின் மனத்தையும் கசக்கச் செய்தது.

சேர்ப்பதே இன்பம்

நாட்டை ஆள்வதில் தளர்ந்தவர், பொருள்களைச் சேர்ப்பதில் தளரவில்லை. தபால்தலைகள், கடிகாரங்கள், ரஷ்யப் பேரரசர்களுக்காகப் பாபெர்ஜே செய்தளித்த அணிமுட்டை என்று அரண்மனை நிறைந்தது. எல்லாவற்றிலும் முதன்மையானது நாணயத் தொகுப்பு. பொன்னால் ஆன நாணயங்களும் பதக்கங்களும் மட்டுமே ஏறத்தாழ 8,500 இருந்தன. உழைக்கும் மக்கள் வறுமையில் வாட, மன்னர் இவ்வாறு குவித்தது குற்றமே. ஆயினும் அத்தொகுப்பில் அறிஞர்கள் வியக்கும் அரிய காசுகள் இருந்தன என்பதும் உண்மை.

அவற்றுள் ஒன்றுதான் 1933ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட அமெரிக்க இருபது டாலர் பொற்காசு. அவ்வாண்டு 4,45,500 காசுகள் அச்சிடப்பட்டன. ஆனால் பொருளாதார நெருக்கடியின் காரணமாக அமெரிக்கா பொற்காசுப் புழக்கத்தை நிறுத்தியதால், அவை வெளியிடப்படாமலே உருக்கப்பட்டன. சில காசுகள் மட்டும் நாணயச் சாலையிலிருந்து கள்ளத்தனமாக வெளியேறின. அவற்றுள் ஒன்றை 1944இல் பாரூக் வாங்கினார். அதை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல அமெரிக்க அரசே, விவரம் தெரியாமல், முறையான அனுமதியும் வழங்கிவிட்டது!

முடி இழந்த நாள்

1952 ஜூலை 23ஆம் நாள் இராணுவ அதிகாரிகள் புரட்சி செய்தனர். மூன்றே நாளில் பாரூக் தம் கைக்குழந்தைக்கு முடியைத் துறந்து, அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பலேறினார். இருபத்தொரு குண்டு மரியாதை கிடைத்தது; சேர்த்த செல்வமோ கரையிலேயே நின்றுவிட்டது. 1953இல் எகிப்து குடியரசாயிற்று.

ஏலம்

மன்னரின் செல்வம் இனி மக்களின் செல்வம். அதை விற்றுப் பணமாக்கப் புதிய அரசு முடிவு செய்தது. லண்டன் சாதபீஸ் நிறுவனத்தார் 1954இல் கெய்ரோவின் குப்பா அரண்மனையில் ஏலம் நடத்தினர். இங்கேதான் நம் கேள்வி எழுந்தது: காசுகளைச் சேர்த்து விற்பதா, தனித்தனியே விற்பதா?

சேர்த்து விற்பதற்கும் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான காசுகளை ஒவ்வொன்றாக ஏலம் கூற நாள் பல ஆகும். சாதாரணக் காசுக்கு அதிலுள்ள பொன்னின் விலையே விலை. அதைத் தனியாகக் கூவுவதில் பயனில்லை. ஒரே ஆண்டில் ஒரே சாலையில் ஒரு தொகுதியாகவே செய்தளிக்கப்பட்ட காசுகளைப் பிரித்தால், அத்தொகுதியின் சிறப்பே கெடும். ஆனால் கெய்ரோவில் அவசரம் ஆட்சி செய்தது. பல காசுகள் ஒரே எண்ணின்கீழ்க் கூறு கட்டப்பட்டன. அரியதும் எளியதும் அருகருகே கிடந்தன. ஒன்றை விரும்பியவன் அத்தனையையும் வாங்க வேண்டும். அதனால் சிறு வணிகர் ஒதுங்கினர், போட்டி குறைந்தது, விலையும் தாழ்ந்தது.

அறிந்தவர்கள் அள்ளிக்கொண்டனர். அமெரிக்காவில் கோடக் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஜான் ஜே பிட்மன் என்ற பொறியாளர், வீட்டை அடகு வைத்துக் கெய்ரோ சென்றார். அவர் பெருஞ்செல்வர் அல்லர். ஆனால் எந்தக் கூற்றில் எந்த மணி கிடக்கிறது என்று அறிந்தவர். அவர் 1996இல் மறைந்தபின் அவருடைய தொகுப்பு 1997 முதல் 1999 வரை, காசு காசாகப் பெயர் சொல்லி ஏலம் விடப்பட்டது. மூன்று கோடி டாலருக்கும் மேல் கிடைத்தது. கெய்ரோவில் வாங்கிய காசுகளும் அதில் அடங்கும்.

ஒற்றைக் காசின் பயணம்

அந்த 1933ஆம் ஆண்டுக் காசும் வேறு இருபது டாலர் காசுகளுடன் 185ஆம் எண் கூற்றிலே சேர்க்கப்பட்டிருந்தது. அன்றைய அரசு விலைப்படி அதிலிருந்த பொன்னின் மதிப்பு சுமார் 34 டாலர். அமெரிக்க அரசு திருப்பிக் கேட்டதால் அக்காசு மட்டும் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டு, பின் மறைந்தே போயிற்று. அதுவே எனக் கருதப்படும் காசு 1996இல் நியூயார்க்கில் பிடிபட்டது. வழக்கு சமரசத்தில் முடிய, 2002 ஜூலை 30இல் அது தனியாக ஏலத்திற்கு வந்து 75,90,020 டாலர் பெற்றது. அதில் கடைசி இருபது டாலர், அக்காசைச் சட்டப்படி நாணயமாக்க அரசுக்குச் செலுத்தியது! 2021இல் மீண்டும் விற்றபோது கிடைத்தது 1,88,72,250 டாலர்.

முடிவுரை

பாரூக் 1965 மார்ச் 18ஆம் நாள் ரோம் நகரில், நாற்பத்தைந்து வயதில் காலமானார். மக்களின் வாழ்வை அறியாமல் அவர் சேர்த்தார்; காசின் வரலாற்றை அறியாமல் வந்தவர்கள் விற்றனர். இருவர் அறியாமைக்கும் விலை கொடுத்தவர்கள் எகிப்திய மக்களே. சேர்ந்தே பிறந்ததைச் சேர்த்து விற்கலாம். தனிச்சிறப்புடையதைத் தனித்தே விற்க வேண்டும். இரண்டையும் பிரித்தறியும் வரை விற்காமலிருப்பதே மேல். பொன்னை நிறுக்கத் தராசு போதும். அதன் அருமையை நிறுக்க அறிவு வேண்டும்.