இந்தியாவுக்கும் ஆடினார், பாகிஸ்தானுக்கு கேப்டனும் ஆனார்: யார் இந்த கர்தார்?

1952 அக்டோபர், டெல்லி. பாகிஸ்தான் ஆடும் முதல் டெஸ்ட். டாஸ் போட வந்த ரெண்டு கேப்டன்களும் ஆறு வருஷம் முன்னாடி ஒரே டீம்! ஒருவர் இந்தியாவின் லாலா அமர்நாத். இன்னொருவர் அப்துல் ஹபீஸ் கர்தார்.

1925-ல் லாகூரில் பிறந்த இந்த இடது கை பேட்ஸ்மேன், 1946-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 3 டெஸ்ட் ஆடினார். அப்போது அவர் பெயர் வெறும் அப்துல் ஹபீஸ். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பு. அதற்குள் நாடு ரெண்டாகிவிட்டது.

டெல்லியில் இன்னிங்ஸ் தோல்வி. ஆனால் அடுத்த டெஸ்ட்டிலேயே, லக்னோவில், இன்னிங்ஸ் வெற்றி! 1954-ல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை 24 ரன்னில் சாய்த்தது அவர் அணி.

பேட்டிங் கணக்கு சுமார்தான். 26 டெஸ்ட்டில் 927 ரன், ஒரு சதம்கூட இல்லை. ஆனால் பாகிஸ்தானுக்காக ஆடிய 23 டெஸ்ட்டிலும் அவரே கேப்டன்.

1972-ல் கிரிக்கெட் போர்டு தலைவரானார். 1976-ல் வீரர்கள் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டபோது அவர் இறங்கி வரவில்லை. நாட்டுக்காக ஆடுவதே பெருமை என்று வளர்ந்த தலைமுறை அவருடையது. கிரிக்கெட்டே பிழைப்பு என்றானது அடுத்த தலைமுறைக்கு. கடைசியில் அரசு தலையிட்டது. 1977-ல் கர்தார் பதவியை விட்டார்.

1996-ல் மறைந்தார். பாகிஸ்தான் கிரிக்கெட்டின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.